தையற்பெட்டியைத் திறப்போம்

நம் இல்லங்களில் பழைய பிஸ்கோத்து டப்பா ஒன்று எங்கேனும் ஒரு மூலையில் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே பிஸ்கோத்து இராது. பாதி தீர்ந்த நூற்கண்டுகள், எந்தச் சட்டையிலிருந்தோ உதிர்ந்த பொத்தான்கள், கொக்கி வளையங்கள், துருவேறிய ஊசிகள், சாண் நீளமுள்ள ஜரிகைக் கரை, பாதியில் நின்றுபோன பூவேலை என்று பலவும் கிடக்கும். அலமாரியின் மேல்தட்டில், திருமணங்களிலும் புதுமனை புகுவிழாக்களிலும் வெற்றிலை பாக்கோடு கிடைத்த ரவிக்கைத் துண்டுகள் அடுக்கடுக்காய்க் காத்திருக்கும். சில வீடுகளில் கால்மிதித் தையல் இயந்திரமே உண்டு. ஆனால் அதன்மேல் விரிப்பொன்றைப் போட்டுப் பூச்சாடியை வைத்திருப்பார்கள். இயந்திரம் மேசையாகிவிட்டது.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்வரிசையில் தையல் இயந்திரத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். கன்னியர் நடத்திய பள்ளிகளில் தையலும் பூவேலையும் கற்ற தாய்மார்கள் தம் பிள்ளைகளின் திருவிழாச் சட்டைகளைத் தாமே தைத்தார்கள். பின்னர் ஆயத்த ஆடைகள் கடைத்தெருவெங்கும் மலிந்தன. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றார்கள். தைத்துக் கொடுத்த தாயின் கண்களில் புரை விழுந்தது. கைகள் ஓய்ந்தன, கருவிகள் மட்டும் ஓய்வின்றிப் பெட்டிக்குள் துருவேறுகின்றன. எறிய மனம் வருவதில்லை. எடுத்துக் கொடுக்க நேரமும் வருவதில்லை.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது நம் முன்னோர் மொழி. பெறுகிறவருக்கு அது பொருந்தும். கொடுக்கிறவருக்குப் பொருந்துமா? பெறுகிறவர் பார்க்கக் கூடாது என்றால், கொடுக்கிறவர் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்பதே அதன் மறுபக்கம். நமக்கு வேண்டாததை வெளியேற்றுவது வீட்டைத் துப்புரவு செய்வது மட்டுமே. அது மற்றொருவர் கையில் தொழிலாக மாறினால்தான் ஈகை எனப்படும்.

யோப்பா நகரத்துத் தபித்தா

ஊசியும் நூலும் அறப்பணியாகும் என்பதற்குத் திருத்தூதர் பணிகள் நூலின் 9ஆம் அதிகாரம் சான்று தருகிறது. யோப்பா என்னும் கடற்கரை நகரில் தபித்தா என்ற பெண் சீடர் வாழ்ந்தார். கிரேக்க மொழியில் அவருக்குத் தொற்கா என்று பெயர். இரு பெயர்களுக்கும் மான் என்பதே பொருள். அவர் நோயுற்று இறந்தபோது புனித பேதுருவை அழைத்து வந்தார்கள். மாடியறையில் நின்றிருந்த கைம்பெண்கள் அழுதுகொண்டே, தபித்தா தங்களோடு இருந்த நாள்களில் செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டினார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கைம்பெண்கள் காட்டியவை தபித்தா உடுத்திக் கழித்த பழைய துணிகள் அல்ல. அவர்களுக்கென்றே அவர் செய்த ஆடைகள். இன்னாருக்கு இன்னது தேவை என்று அறிந்து செய்த கைகள் அவருடையவை. ஆகையால்தான் துணி இல்லையே என்று அவர்கள் அழவில்லை. அந்தக் கைகள் இல்லையே என்று அழுதார்கள். பேதுரு தபித்தாவை உயிர்பெறச் செய்து, அக்கைம்பெண்களையும் மற்ற இறைமக்களையும் அழைத்து அவர்கள் முன் நிறுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்கு ஆடை தைத்து வழங்கிய மகளிர் குழுக்கள் மேனாடுகளில் "தொற்கா சங்கம்" என்று பெயர் பூண்டதும் இவரை நினைத்தே.

நம் மண்ணின் சான்று

தொலைதூரம் போக வேண்டாம். நம் குமரி மாவட்டமே போதும். 1820களில் நாகர்கோவிலில், இலண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். 1897ஆம் ஆண்டு பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டர், ஆதரவற்ற குழந்தைகளைப் பேணும் பணியை அங்கே தொடங்கினார். அப்பணியிலிருந்தே இன்று உலகின் பல நாடுகளில் தொண்டாற்றும் கன்னியர் சபையொன்று வளர்ந்தது. முளகுமூட்டுக் கன்னியர் மடமும் லேஸ் வேலைக்கும் பூவேலைக்கும் பெயர் பெற்றது.

லேஸ் பின்னுவதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. திண்டு ஒன்று, குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள், வெள்ளை நூல் ஆகியவை போதும். குடிசையிலும் வைத்துக்கொள்ளத்தக்க இச்சிறு பொருள்களே, கூலிக்கு வழியற்ற பெண்களின் கைக்குத் தொழிலைத் தந்தன. ஆயினும் வெறும் நூலும் ஊசியும் இதைச் செய்துவிடவில்லை. அவற்றோடு கற்றுக்கொடுக்க ஒருவரும், செய்ததை வாங்க ஒருவரும் இருந்தார்கள். பொருள், பயிற்சி, வேலை மூன்றும் ஒன்றையொன்று தொட்டபோதே வயிற்றுக்குச் சோறு கிடைத்தது. நம் பெட்டியைத் திறக்கும்போது இப்பாடம் நம் மனத்தில் இருக்கட்டும்.

தொழில் உண்டு, கருவி இல்லை

நம் பங்குகளில் தையற்பயிற்சி பெறும் பெண்களுக்குக் குறைவில்லை. கன்னியர் மடங்களும், தொண்டு நிறுவனங்களும், மகளிர் குழுக்களும் ஆண்டுதோறும் பலருக்குக் கற்பிக்கின்றன. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கிறது. பயிற்சிக்கூடத்து இயந்திரமோ கூடத்திலேயே இருந்துவிடுகிறது. வீடு திரும்பிய பெண்ணின் கையில் கலை இருக்கிறது, கத்தரிக்கோல் இல்லை. சில திங்கள் பழக்கமில்லாமற் போனால் கற்ற கலையும் மெல்ல நழுவும்.

தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கும், கைம்பெண்களுக்கும், கணவரால் கைவிடப்பட்டோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டமொன்று, சத்தியவாணி முத்து அம்மையாரின் நினைவாகச் சமூகநலத் துறையின் வழியே நடைபெறுகிறது. தகுதியுள்ளோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் நல்லதோர் அறமே. ஆனால் இயந்திரம் வந்து இறங்கியவுடன் வருமானம் வந்துவிடாது. நல்ல கத்தரிக்கோல், அளவு நாடா, பல நிற நூல், ஊசிகள், பாபின்கள், கொக்கிகள், உள்துணி, வெட்டிப் பழகச் சில கெஜம் துணி இவையெல்லாம் முதல் வாடிக்கையாளர் வருமுன்பே தேவைப்படும். அன்றாடம் கூலிக்குப் போகும் வீட்டில் இந்தச் சில்லறைச் செலவே பெருஞ்சுவராய் எழுந்து நிற்கும். அச்சுவரைத் தகர்க்கும் பொருள்கள் நம் பிஸ்கோத்து டப்பாவில் உறங்குகின்றன.

கொடுக்குமுன் பல்லைப் பார்ப்போம்

முதலில் இயந்திரம். நாற்பது ஆண்டுப் பழையதாயிற்றே என்று தயங்க வேண்டாம். 1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இன்றுவரை, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் முறையே வீட்டுத் தையலுக்கு அடிப்படை. கனத்த இரும்பாலான பழைய இயந்திரம் பழுது பார்க்கத்தக்கது. கைச்சக்கரத்தை நம்மை நோக்கிச் சுழற்றிப் பார்ப்போம். இறுகியிருந்தால் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெய் சில துளிகள் விட்டு ஊறவைத்துத் துடைத்தபின் தையல் இயந்திரத்துக்குரிய எண்ணெயை இட வேண்டும். தேங்காய் எண்ணெய் இடுவது தவறு; நாளடைவில் அதுவே பிசினாகும். துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே சேர்ந்த பஞ்சை எடுத்துவிட வேண்டும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றலாம். அதற்குச் செலவு அதிகமில்லை. பாபினும் அதன் கூடும் இருக்கின்றனவா என்று பார்ப்பது மிக முக்கியம். அக்கூடு இல்லாத இயந்திரம் நாக்கில்லாத மணிக்கு ஒப்பாகும். கடைசியாக ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்து, தையல் இருபுறமும் ஒரேவிதமாக விழுந்தால் அத்துண்டை இயந்திரத்திலேயே விட்டுவைப்போம். பெறுபவருக்கு அதுவே நற்சான்று.

அடுத்து ஊசிகள். வீட்டு இயந்திர ஊசியின் மேற்பகுதி ஒருபுறம் தட்டையாக இருக்கும். தொழிற்கூடங்களில் மின்விசையால் வேகமாக ஓடும் இயந்திரத்தின் ஊசிக்கு அப்பகுதி முழுதும் உருண்டையாக இருக்கும். ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. எண்ணையும் கவனிக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16, 18 என்று வகை பிரித்துத் தாளில் குத்தி எண்ணை எழுதிக் கொடுத்தால், கற்றுக்கொள்பவருக்கு அது பாடமும் ஆகும். துருவேறியதும் முனை மழுங்கியதும் துணியின் இழையை அறுக்கும். அவற்றைக் கொடுக்க வேண்டாம். காலில் தைக்காதபடி மூடியுள்ள டப்பியிலிட்டு அப்புறப்படுத்துவோம்.

நூலுக்கு எளிய சோதனை உண்டு. ஒரு முழம் உருவி இரு கைகளாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். வெயிலும் ஈரமும் பட்ட பழைய பருத்தி நூல் பட்டென்று அறும். அத்தகைய நூலால் தைத்த சட்டை வாடிக்கையாளரின் தோளில் கிழிந்தால், கெட்ட பெயர் நமக்கு வராது, தைத்த ஏழைப் பெண்ணுக்கே வரும். வலுக்குன்றிய நூலைத் தனியே கட்டி "ஓட்டுத் தையலுக்கு மட்டும்" என்று எழுதலாம். பின்னர் பிரித்தெடுக்கும் தற்காலிகத் தையலுக்கு அது போதும்.

கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக் கொடுப்போம். மெல்லிய துணியை நுனிவரை மடங்காமல் வெட்டுகிறதா என்று பார்த்தாலே அதன் தன்மை தெரிந்துவிடும். பொத்தான்களை ஒரே இனமாய்ச் சேர்த்து நூலில் கோப்போம். ஆறேழு ஒன்றாயிருந்தால் ஒரு சட்டைக்கு ஆகும். ஒற்றையாய் நிற்பவை குழந்தைகளின் கைவேலைக்கு ஆகும். பூவேலைப் பட்டுநூலைச் சிக்கெடுத்துச் சுற்றுவோம். குரோஷா ஊசிகளையும் பூவேலை வளையங்களையும் அந்நூலோடு சேர்த்தே கொடுப்போம். பிரித்துவிட்டால் இரண்டும் வீண். கம்பளி நூலில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்போம். சமவெளியில் தேவைப்படாத அந்நூல் உதகையிலோ கொடைக்கானலிலோ வாழும் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் பெருந்துணை.

துணிகளைத் துவைத்து, மடிப்பு நெடுக இற்றுப்போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். நீள அகலத்தை அளந்து சிறு தாளில் எழுதிக் குத்துவோம். ரவிக்கைக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேண்டியிருக்க, அளவு குறைந்த துண்டைக் கொடுத்தால் பெறுபவர் ஏமாறுவார். ஆனால் அதே துண்டு குழந்தைச் சட்டைக்கோ, பைக்கோ, உள்துணிக்கோ பயன்படும் என்று எழுதிவிட்டால் ஏமாற்றமில்லை. பருத்தியா செயற்கை இழையா என்று தெரியாவிடில் ஓர் இழையை மட்டும் உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின்மேல் வைத்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் தரும். செயற்கை இழை உருகி, கெட்டியான மணியாய்த் திரளும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும் துணி எதுவென்று தெரிந்தால், கைக்குழந்தையின் சட்டைக்கும் அடுப்படியில் நிற்கும் தாயின் ஆடைக்கும் அதைத் தவிர்க்கலாம்.

கேட்டுக் கொடுப்போம்

மூட்டையாகக் கட்டிக் கோவில் வாயிலில் வைத்துவிட்டு வருவது கொடையன்று. அது நம் சுமையைப் பங்குத் தந்தையின் தலைக்கு மாற்றுவதேயாகும். முதலில் கேட்க வேண்டும். யாருக்கு எது தேவை என்று அறிய நம்மிடையே வழியுண்டு. 1833இல் பாரிசு நகரில் ஃபிரெடரிக் ஓசானாம் என்ற இளைஞரும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையரை அவர்தம் இல்லத்திலேயே சென்று காணும் வழக்கத்தைத் தன் உயிர்மூச்சாகக் கொண்டது. இல்லம் சென்றவருக்கே, எந்த வீட்டில் இயந்திரம் இருந்தும் பாபின் இல்லை, எந்த வீட்டில் கலை இருந்தும் இயந்திரம் இல்லை என்பது தெரியும். தையற்பயிற்சி நடத்தும் கன்னியர்களையும், மகளிர் குழுத் தலைவிகளையும், தெருமுனையில் பல்லாண்டாகத் தைத்துவரும் தையற்காரரையும் கேட்கலாம். முதியோர் இல்லங்களையும் மறக்க வேண்டாம். நீண்ட பிற்பகலைக் கழிக்க வழியின்றி இருக்கும் ஒரு பாட்டிக்குப் பூவேலை வளையமும் நூலும் கிடைத்தால் அந்தப் பிற்பகலின் நீளம் குறையும்.

பங்கில் அலமாரி ஒன்றை இதற்கென ஒதுக்கி, பொறுப்பான தாய் ஒருவரிடம் சாவியையும் குறிப்பேட்டையும் ஒப்படைத்தால் போதும். வந்தது என்ன, வேண்டுவோர் யார், சென்றது எங்கே என்று மூன்று பத்திகளில் அவர் எழுதிவருவார். வேண்டுவோர் தாமே வந்து பார்த்து, தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கட்டும். நிறத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பணமுள்ளவருக்கு மட்டும் உரியதன்று.

கைம்மாறு வேண்டாம்

இயந்திரம் கொடுக்கும்போது அது இன்னாருக்கே உரியது என்று அப்பெண்ணின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. இது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் குடிக்கு அடிமையான கணவர் அதை அடகுக் கடைக்குத் தூக்கும் நாளிலும், புகுந்த வீட்டார் உரிமை பேசும் நாளிலும் அந்தத் தாள் அவள் பக்கம் பேசும். பங்கு மக்கள் அறியக் கொடுத்த பொருள் என்ற பாதுகாப்பும் அவளுக்கு உண்டாகும்.

எனினும் ஊரறியப் படம் பிடித்துச் சுவரில் மாட்ட வேண்டாம். இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்கும் முறையை நாம் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். அதைவிடவும் நுட்பமான தவறு ஒன்றுண்டு. "நாங்கள் கொடுத்த இயந்திரந்தானே?" என்று சொல்லி, பாடகர் குழுவின் சீருடையையும் கோவிலின் திரைச்சீலையையும் நம் வீட்டுப் பிள்ளையின் பாவாடையையும் கூலியின்றித் தைத்துத் தரக் கேட்பது. கேட்டால் அவள் மறுக்கமாட்டாள்; மறுக்க முடியாது. கொடுத்ததை நாளொரு துண்டாக நாம் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பதே அதன் பொருள். அவளுக்கு நம்மால் ஆகக்கூடிய பெரிய உதவி, நம் துணிகளை அவளிடமே தைக்கக் கொடுத்து, மற்றவருக்குக் கொடுக்கும் அதே கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுவதுதான். நாகர்கோவிலிலும் முளகுமூட்டிலும் லேஸ் தொழில் நின்று நிலைத்ததும் வாங்குவோர் இருந்ததால் அல்லவா?

மறைந்த தாயின் பெட்டி

எல்லாவற்றிலும் கடினமானது இறந்துபோன தாயின் தையற்பெட்டி. அவர் கடைசியாக நூல் கோத்த ஊசி துணியில் குத்தியபடியே இருக்கும். அதைத் தொடவே நம் கை நடுங்கும். அவசரம் வேண்டாம். அவர் விரலில் அணிந்த விரலுறையையோ, அவர் கையால் பூவேலை செய்த தலையணை உறையையோ நினைவாக வைத்துக்கொள்வோம். பொருள் முழுவதையும் காத்துவைத்தால்தான் அன்பு என்பதில்லை. ஓராண்டு நினைவுத் திருப்பலியன்று மற்றவற்றைத் தேவையுள்ள ஒரு பெண்ணின் கையில் சேர்த்தால், அத்தாயின் கைவேலை இன்னொரு வீட்டில் தொடரும்.

அதனினும் சிறந்தது, கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே கொடுப்பது. கண் மங்கிய பாட்டியால் ஊசியில் நூல் கோக்க முடியாமலிருக்கலாம். ஆனால் கழுத்து வெட்டில் எவ்வளவு விட வேண்டும், கைக்குழி சுருங்காமல் எப்படித் திருப்ப வேண்டும், ஓடாத இயந்திரத்தை எங்கே தட்டினால் ஓடும் என்பவை அவர் நாவில் இருக்கின்றன. இயந்திரத்தை வாங்க வரும் பெண்ணைச் சில மாலைகள் பாட்டியின் அருகே அமர்ந்து கற்றுப்போகச் சொல்வோம். யோப்பா நகரத்துக் கைம்பெண்கள் இழந்து வருந்தியது அத்தகைய கைத்திறனைத்தான். துணி கடையில் கிடைக்கும். கைத்திறனோ, கையிலிருந்து கைக்கு மாறினாலொழியக் கல்லறைக்குள் சென்றுவிடும்.

ஆகவே அன்பு நேயர்களே, இம்மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்குவோம். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு டப்பாவைத் தரையில் கொட்டுவோம். பொத்தான் கோப்பதைச் சிறுவர்க்கும், துணி அளப்பதைப் பெரிய பிள்ளைகளுக்கும், இயந்திரத்துக்கு எண்ணெயிடுவதை ஆண்களுக்கும் பிரித்துக் கொடுப்போம். நமக்கு மெய்யாகவே வேண்டியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, நல்லவற்றைத் தேவையுள்ளோருக்காகவும், கழிந்தவற்றைக் குப்பைக்காகவும் ஒளிவுமறைவின்றிப் பிரிப்போம். பூச்சாடியை வேறிடத்தில் வைத்துவிட்டு இயந்திரத்தின் மேலுள்ள விரிப்பை நீக்குவோம். அடுத்த தெருவில் ஒரு பெண் அதன் முன் அமரக் காத்திருக்கிறாள்.